பகல்லயே லைட் போடுற ரூமா? பெயின்ட் வாங்கும் முன் இதைப் படிங்க!

வெளியே வெயில் கொளுத்தும். ஆனா பெட்ரூமுக்குள்ள வந்தா, டியூப் லைட் போட்டாத்தான் கையில இருக்கிற சட்டை கறுப்பா, நேவி ப்ளூவான்னே தெரியும். பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடி தூரத்தில், இருக்கிறதே ஒரு ஜன்னல், அதுவும் பாதி நேரம் கொசுவுக்குப் பயந்து மூடியே இருக்கும். நெருக்கமான தெருக்களில் இருக்கும் பல வீடுகளில், பல ஃபிளாட்களில் இப்படி ஒரு ரூமாவது நிச்சயம் உண்டு.

'லைட் கலரா ஒரு பெயின்ட் அடிச்சா சரியாகிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால், கலரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். வெளிச்சமும் காற்றும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. வெளிச்சம் குறைவாக இருக்கும் ரூமில் பெரும்பாலும் காற்றோட்டமும் குறைவாகவே இருக்கும். பெயின்ட்டிலிருந்து கிளம்பும் ரசாயன ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும். பெரும்பாலான வீடுகளில் பாட்டியோ, கைக்குழந்தையோ தூங்குவதும் அந்த ரூமில்தான். அதனால் 'என்ன கலர்?' என்ற கேள்வியையும் 'டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?' என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை இதோ.

பெயின்ட் என்ன செய்யும், என்ன செய்யாது?

பெயின்ட் வெளிச்சத்தை உண்டாக்காது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தை விழுங்காமல் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அதன் பெயர் எல்.ஆர்.வி. கறுப்பு 0, முழுமையான வெள்ளை 100 என்று வைத்து ஒவ்வொரு ஷேடுக்கும் ஒரு நம்பர் தருவார்கள். கடையில் கிடைக்கும் வெள்ளைகள் சுமார் 80 முதல் 90 வரை இருக்கும். அடர் நீலம், சாக்லேட் பிரவுன் எல்லாம் 10-ஐ ஒட்டி அல்லது அதற்கும் கீழே.

இந்த நம்பர் ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஜன்னலிலிருந்து வரும் ஒளி ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவருக்குப் போய், அங்கிருந்து சீலிங்குக்குப் போய், பிறகுதான் உங்கள் புத்தகத்தின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பரப்பும் எல்.ஆர்.வி 85 என்றால், மூன்று முறை பட்டுத் திரும்பிய பிறகும் 100 பங்கில் 61 பங்கு ஒளி மிச்சமிருக்கும். எல்.ஆர்.வி 50 என்றால் மிச்சம் 12 பங்குதான். ரூமின் மூலைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம் வரலாம்.

அதனால் இருட்டு ரூமுக்கு ஒரு எளிய விதி: சுவருக்கு எல்.ஆர்.வி 75-க்கு மேல், சீலிங்குக்கு 85-ஐ ஒட்டி. பல கம்பெனிகளின் வெப்சைட்டில் ஷேடின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த நம்பர் இருக்கும். இல்லையென்றால் உங்கள் போனே போதும். ஷேட் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 பேப்பரை வைத்து போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எந்த ஷேட் பேப்பரின் வெளுப்புக்கு நெருக்கமாகத் தெரிகிறதோ, அதுதான் அதிக ஒளியைத் திருப்பும். நம்பர் கிடைக்காது. ஆனால், நான்கு ஷேடில் எது மேல் என்று தெரிந்துவிடும்.

'அப்போ வெள்ளையே அடிச்சிடலாமே?'

அவசரப்படாதீங்க. நல்ல வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும் அதே தூய வெள்ளை, வெளிச்சம் குறைந்த ரூமில் சாம்பல் பூத்த மாதிரி, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி தெரியும். கொஞ்சம் மஞ்சளோ, கொஞ்சம் பீச்சோ கலந்த வெள்ளைதான் இங்கே உயிர்ப்பாக இருக்கும். முட்டை ஓட்டின் வெளுப்பு, தந்த நிறம், தண்ணி மோர் மாதிரியான வெளிர் நிறம், மிக இளம் சந்தனம் என இந்தக் குடும்பத்தில் தேடுங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம்? வடக்கு பார்த்த ஜன்னலில் வருஷத்தின் பெரும்பகுதி நேரடி வெயில் விழாது. வரும் ஒளியும் கொஞ்சம் நீலம் பாய்ந்ததாக இருக்கும். அங்கே சாம்பல், நீலம் கலந்த வெள்ளையைத் தவிர்த்து, மஞ்சள் சாயல் உள்ளதை எடுங்கள். மேற்கு ஜன்னல் என்றால் சாயங்கால வெயிலே ஆரஞ்சாக வரும். அதற்கு மேல் நீங்களும் மஞ்சள் சேர்த்தால் ரூம் சூடாகத் தெரியும். அங்கே சாயல் இல்லாத வெள்ளையே சரி.

எதிர்ச் சுவர் என்ன கலர்? யாரும் யோசிக்காத விஷயம் இது. ஜன்னலுக்கு வெளியே மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவரோ, உங்கள் காம்பவுண்டு சுவரோ இருந்தால், உங்கள் ரூமுக்கு வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு அந்தச் சுவரில் பட்டு வருவதுதான். அது பாசி பிடித்த சிமென்ட் சுவர் என்றால், உள்ளே எத்தனை ஆயிரம் செலவு பண்ணினாலும் பலன் பாதிதான். உங்கள் காம்பவுண்டின் உள்பக்கத்துக்கு வெள்ளை அடியுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் என்றால், 'அண்ணே, நம்ம செலவுலயே அந்தப் பக்கம் மட்டும் வெள்ளை அடிச்சுக்கட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஃபிளாட்டில் பாத்ரூம் பைப் போகும் டக்ட் பக்கம் ஜன்னல் இருந்தால், அதன் உள்சுவருக்கும் இதே வைத்தியம்தான்.

மேட்டா, பளபளப்பா? 'பளபளன்னு இருந்தா வெளிச்சம் கூடும்' என்பது பரவலான நம்பிக்கை. எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கலர்தான். பளபளப்பு, அந்த ஒளியைக் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் அனுப்பும். ஜன்னலுக்கு எதிரே ஒரு இடம் மட்டும் கண்ணைக் கூசும், சுவரின் மேடு பள்ளமெல்லாம் அப்பட்டமாகத் தெரியும். மேட், ஒளியை எல்லாப் பக்கமும் பரப்பும். சீலிங்குக்கு மேட், சுவருக்கு மேட் அல்லது லேசான மினுமினுப்புள்ள சாட்டின். குழந்தை கிறுக்கும் சுவர் என்றால் துடைப்பதற்கு சாட்டின் வசதி.

முடிவெடுக்கும் முன்... ஷேட் கார்டின் சின்னக் கட்டத்தை நம்பி 10 லிட்டர் வாங்காதீர்கள். சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, ஒரு கெட்டியான சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் ரூமின் மிக இருட்டான மூலையில் ஒட்டுங்கள். காலை, மதியம், ராத்திரி லைட் போட்ட பிறகு என மூன்று நேரமும் பாருங்கள். வெள்ளை எல்.இ.டி-யில் ஒரு கலர், மஞ்சள் எல்.இ.டி-யில் வேறு கலர் மாதிரி தெரியும்.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?

எந்தப் பெயின்ட்டிலும் நான்கு சமாச்சாரங்கள் உண்டு. நிறம் தரும் நிறமி, சுவரில் ஒட்டவைக்கும் பைண்டர், இவை கலந்திருக்கும் திரவம், கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் சில்லறை ரசாயனங்கள். எனாமல் பெயின்ட்டில் அந்தத் திரவம் டர்பன்டைன் போன்ற கரைப்பான். எமல்ஷனில் அது தண்ணீர்.

கரைப்பான் ஆவியாகும்போது வருவதுதான் நமக்குத் தெரிந்த அந்த 'பெயின்ட் வாசனை'. இப்படி எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைத்தான் சுருக்கமாக வி.ஓ.சி என்கிறார்கள். கண் எரிச்சல், தலைவலி, குமட்டல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் எல்லாம் இதனால் வரலாம். அடித்து காயும் நேரத்தில்தான் அதிகம் வெளியேறும். பிறகும் பல நாள், சில நேரம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும்.

நமக்கு இரண்டு வாரப் பிரச்னை. பெயின்ட் அடிப்பவருக்கு வாழ்நாள் பிரச்னை. பெயின்டர் வேலையில் ஏற்படும் ரசாயனப் பாதிப்பை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1989-லேயே சேர்த்துவிட்டது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் டப்பா, மூடிய ரூமில் ஏணி மேல் நிற்கும் அந்த அண்ணனின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று ஈயம். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-ஐத் தாண்டக் கூடாது. அது 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய பெயின்ட்டில், குறிப்பாக கதவு, ஜன்னல், கிரில்லில் இருக்கும் பளீர் மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

லேபிளில் என்ன பார்க்கணும்?

'ஈகோ', 'கிரீன்', 'நேச்சுரல்' என்ற வார்த்தைகளும் இலைப் படமும் மட்டும் எதையும் நிரூபிக்காது. நம்பரைத் தேடுங்கள்.

* வி.ஓ.சி அளவு: ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். டப்பாவில் இல்லையென்றால் கம்பெனி வெப்சைட்டில் 'டெக்னிக்கல் டேட்டா ஷீட்' என்ற பி.டி.எஃப்-பில் இருக்கும். உட்சுவருக்கான மேட் பெயின்ட்டில் லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே இருந்தால் 'லோ வி.ஓ.சி' என்பது வழக்கம். 5 கிராமுக்குக் கீழே போனால் 'ஜீரோ வி.ஓ.சி' என்பார்கள்.
* 'லோ ஓடர்' என்றால் வேறு: வாசனை குறைவு என்றுதான் அதற்கு அர்த்தம். நறுமணம் சேர்த்து மறைத்ததாகவும் இருக்கலாம். அதை வி.ஓ.சி குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.
* முத்திரை: மண்பானைச் சின்னம் உள்ள 'ஈகோமார்க்' 1991-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். இந்தியத் தொழில் கூட்டமைப்பு தரும் 'கிரீன்புரோ', அமெரிக்காவின் 'கிரீன் சீல்' போன்றவையும் உண்டு. கம்பெனியே தனக்குத்தானே போட்டுக்கொண்ட முத்திரையா, வெளியார் சோதித்துத் தந்ததா என்று பாருங்கள்.
* கலர் சேர்த்த பிறகு? டப்பாவில் எழுதியிருக்கும் வி.ஓ.சி பெரும்பாலும் வெள்ளை பேஸுக்கானது. கடையில் மெஷினில் கலக்கும் நிறமியிலும் வி.ஓ.சி இருக்கலாம். அடர் கலருக்கு நிறமி அதிகம் ஊற்றுவார்கள், வெளிர் கலருக்குச் சில துளிதான். ஆக, வெளிர் ஷேட் எடுத்தால் வெளிச்சமும் கூடுகிறது, ரசாயனமும் குறைகிறது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்!
* பிரைமர், பட்டி: சுவருக்கு ஜீரோ வி.ஓ.சி வாங்கிவிட்டு, அடியில் கரைப்பான் கலந்த பிரைமர் அடித்தால் என்ன பிரயோஜனம்? பிரைமரும் தண்ணீரில் கரைவதாக இருக்கட்டும். கதவு, ஜன்னலுக்கும் தண்ணீர் எனாமல் இப்போது கிடைக்கிறது.

முதலில் ஓதம்!

இருட்டு ரூமின் நிரந்தரக் கூட்டாளி ஓதம். சுவர் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளமாக எழும்பி உதிர்கிறதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பாத்ரூம் பைப்பா, மொட்டைமாடியா, தரையிலிருந்து ஏறுகிறதா? அதைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட். ஓதச் சுவரில் எமல்ஷன் அடிப்பது, ஈரத்துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடுவது மாதிரி. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். எத்தனை 'கிரீன்' பெயின்ட் அடித்தாலும், பூஞ்சை வந்தால் மூச்சுக்குக் கெடுதல்தான். புதிதாகப் பூசிய சுவர் என்றால், குறைந்தது நான்கு வாரம் காயவிடுங்கள்.

என்னென்ன சாய்ஸ்?

1. லோ வி.ஓ.சி எமல்ஷன்

காய்ந்த, ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவருக்கு இதுதான் சுலபம். எல்லா ஊரிலும் கிடைக்கும், எல்லா பெயின்டருக்கும் பழக்கம், துடைக்கலாம். இதுவும் அக்ரிலிக் பிளாஸ்டிக்தான் என்பதை மறக்க வேண்டாம். சுவாசிக்கும் காற்றுக்கு நல்லது, மண்ணுக்கு முழுக்க நல்லது என்று சொல்ல முடியாது.

2. சுண்ணாம்பு

நம் தாத்தா பாட்டி போகிக்கு முன் அடித்த அதே வெள்ளை. இப்போது வெளிநாடுகளில் 'லைம் வாஷ்' என்ற பெயரில் ஃபேஷனாகத் திரும்ப வந்திருக்கிறது. கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, தண்ணீரில் நீற்றி, வடிகட்டி அடிப்பார்கள். சுவரில் காயும்போது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடும். வி.ஓ.சி என்ற பேச்சே இல்லை. காரத்தன்மை அதிகம் என்பதால் பூஞ்சை எளிதில் அண்டாது. சுவரின் ஈரத்தை வெளியே விடும். அன்று கூடவே கொஞ்சம் நீலம் கலந்தது சும்மா இல்லை. பழுப்பை மறைத்து வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் வித்தை அது.

குறைகளும் உண்டு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஒட்டாமலிருக்க உப்பும் வடிகஞ்சியும் சேர்ப்பது பழைய வழக்கம். ஒரே தடிப்பாக அடிக்காமல், சுவரை நனைத்து மெல்லிசாக மூன்று முறை அடிக்க வேண்டும். எமல்ஷன் மேல் இது நிற்காது. பூச்சு வெளியே தெரியும் சுவர், ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த சுவர், பழைய ஓட்டு வீடு ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

3. காதி பிராகிருதிக் பெயின்ட்

'மாட்டுச் சாணப் பெயின்ட்' என்று வைரலானது இதுதான். காதி கிராமத் தொழில் ஆணையம் 2021 ஜனவரியில் அறிமுகம் செய்தது. உருவாக்கியது ஜெய்ப்பூரில் உள்ள குமரப்பா தேசிய கைக்காகித நிறுவனம். நம்ம தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் பெயரில் இயங்கும் நிறுவனம் அது! அறிமுகத்தின்போது டிஸ்டெம்பர் லிட்டர் 120 ரூபாய், எமல்ஷன் 225 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சாணத்தைப் பதப்படுத்தி, பைண்டர், நிறமி எல்லாம் சேர்த்துத் தயாரிப்பதால் வெறும் சாணி மெழுகிய சுவரோடு ஒப்பிட வேண்டாம். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது. காதி விற்பனை நிலையங்களில் கேட்டுப் பாருங்கள், சாம்பிள் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4. டிஸ்டெம்பர்

விலை குறைவு, வெளிர் கலர் நிறைய. ஆனால், தண்ணீர் பட்டால் கரையும், சீக்கிரம் மங்கும், இரண்டு வருஷத்தில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அடிக்கடி அடிப்பது பர்ஸுக்கும் நல்லதல்ல, பூமிக்கும் நல்லதல்ல.

இந்தக் கடைசிப் பாயின்ட் எல்லாப் பெயின்ட்டுக்கும் பொருந்தும். வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெளுப்பைத் தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் கடற்கரை மணலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதைச் சுத்திகரித்து வெள்ளைப் பொடியாக்க நிறைய எரிசக்தியும் தேவை. அதனால், சரியாக ஒருமுறை அடித்து நீண்ட காலம் வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய 'ஈகோ ஃப்ரெண்ட்லி'.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன்...

ஈயம் கலந்த பழைய பெயின்ட் சுவரில் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளாக்கினால்தான் வினை. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய கதவு, ஜன்னலை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடிந்து, தரையை ஈரத்துணியால் துடைக்கும் வரை அந்தப் பக்கமே வர வேண்டாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி பறக்கும்.

எவ்வளவு வாங்கணும்?

பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 365. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 120 சதுர அடி என்று வைத்தால் சுவருக்கு மூன்று லிட்டர் சொச்சம், சீலிங்குக்கு ஒரு லிட்டர். எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு லிட்டர் டப்பா போதும் எனும் இடத்தில் 'சேர்த்து வாங்கிக்கோங்க' என்று சொல்வதைக் கேட்டு 10 லிட்டர் வாங்கினால், மிச்சம் பரணில் கட்டியாகிக் கிடக்கும். மிஞ்சிய பெயின்ட்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். டக்ட் சுவருக்கோ, காம்பவுண்டின் உள்பக்கத்துக்கோ அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

அடிக்கும் நாளில்

* மழைக்காலத்தைத் தவிருங்கள். காயவும் நேரமாகும், ஜன்னலையும் திறந்து வைக்க முடியாது.
* ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வெளிப்பக்கமாக ஓடவிடுங்கள். உள்காற்று வெளியே போகும்.
* தண்ணீர் பெயின்ட்டில் 'சீக்கிரம் காயும்' என்று தின்னர் கலக்க விடாதீர்கள்.
* பெயின்டருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். மணிக்கொரு முறை வெளியே வந்து காற்று வாங்கச் சொல்லுங்கள்.
* வாசனை போய்விட்டால் வி.ஓ.சி போய்விட்டது என்று அர்த்தமில்லை. லோ வி.ஓ.சி என்றாலும் மூன்று நான்கு நாள் ஜன்னலைத் திறந்து வைத்த பிறகு தூங்கப் போங்கள். கைக்குழந்தை, ஆஸ்துமா நோயாளி என்றால் ஒரு வாரமாவது வேறு ரூம்.

வாடகை வீடா?

காலி பண்ணும்போது 'பெயின்டிங் சார்ஜ்' என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழிப்பது பல ஊர்களில் வழக்கம். குடிபோகும் முன்பே ஹவுஸ் ஓனரிடம் பேசுங்கள். 'எப்படியும் நீங்க அடிக்கத்தானே போறீங்க சார், அந்த ஒரு ரூமுக்கு மட்டும் லோ வி.ஓ.சி-ல இந்த ஷேட் அடிச்சுக் கொடுங்க, விலை வித்தியாசத்தை நான் தர்றேன்' என்று கேட்டால் பலரும் ஒத்துக்கொள்வார்கள். நான்கு லிட்டரில் வரும் வித்தியாசம் பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகப் போட்டு வையுங்கள். முழு ரூமுக்கும் அனுமதி இல்லையென்றால், சீலிங்கும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் மட்டுமாவது அடியுங்கள். அதிக வெளிச்சத்தைத் திருப்பித் தருவது அவை இரண்டும்தான்.

கடைக்குப் போகும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க!

1. ஓதம் இல்லை, சுவர் காய்ந்திருக்கிறது.
2. சுவர் எல்.ஆர்.வி 75-க்கு மேல், சீலிங் 85-ஐ ஒட்டி, மேட்.
3. வி.ஓ.சி லிட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே. நிறமி சேர்த்த பிறகு எவ்வளவு என்றும் கேட்டாச்சு.
4. பிரைமரும் கதவு எனாமலும் தண்ணீரில் கரைபவை.
5. சார்ட் பேப்பர் சாம்பிளை மூன்று நேரமும் பார்த்தாச்சு.
6. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சுவரையும் கணக்கில் சேர்த்தாச்சு.

பட்ஜெட் இடிக்கிறதா? அப்போ ஆறாவது பாயின்ட்டிலிருந்து ஆரம்பிங்க. ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூச்சு தெரியும் அந்த வெளிச்சுவர்... உள்ளே ஒரு சொட்டு பெயின்ட் அடிக்கும் முன்பே வித்தியாசம் தெரியும்.